முன்சக்கரம் தரையில் நிற்க: மலைத் தோட்டத்து டிராக்டருக்கு எடை கட்டிய அனுபவம்

கொடைக்கானல் மலையில், பூம்பாறையிலிருந்து மன்னவனூருக்குப் போகும் சாலைக்குக் கீழே எங்கள் தோட்டம் ஏழு படிகளாக இறங்குகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு டிராக்டர் ஏறுவதற்காக ஓரத்தில் மண்ணைச் சரித்துத் தடம் போட்டிருக்கிறோம். அதன் அகலம் எட்டடிக்கு மேல் இல்லை. ஒரு பக்கம் கல் அடுக்கிய சுவர், மறுபக்கம் ஐந்தடிப் பள்ளம். சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், பூண்டு நடவுக்காக மேல்படியை ஓட்டப் போனேன். வண்டி 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர், நான்கு சக்கர இழுவை உடையது. பின்னால், மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டர். இரண்டு நடை மிச்சமாகட்டும் என்று, முழுவதும் தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டரின் மேல் விதைப்பூண்டு மூட்டைகள் இரண்டைக் கட்டியிருந்தேன். மூட்டை ஒன்று 50 கிலோ.

தடத்தின் பாதியில் முன்சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறியது. ஏறிய சக்கரம் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினேன், சக்கரங்களும் திரும்பின, ஆனால் வண்டி திரும்பவில்லை, ஏனென்றால் அந்தச் சக்கரங்கள் ஒரு சாண் உயரத்தில் காற்றில் நின்றன. பின்சக்கரங்கள் தள்ளிக்கொண்டே இருக்க, வண்டியின் மூக்கு பள்ளத்தின் பக்கமாக மெல்ல நகர்ந்தது. கிளட்சை மிதித்து, லிஃப்ட் நெம்புகோலைக் கீழே தள்ளினேன். ரோட்டவேட்டர் மண்ணில் ஊன்றிக்கொள்ள, முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. இறங்கிப் பார்த்தபோது இடது முன்சக்கரத்துக்கும் தடத்தின் விளிம்புக்கும் இடையே நான்கு விரற்கடை இருந்தது.

கீழ்ப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா ஓடி வந்தார். மாடு பூட்டி உழுத காலத்திலிருந்து இந்த மண்ணில் வேலை செய்தவர் அவர். “பின்னாடி இம்புட்டுப் பாரத்த ஏத்திட்டு முன்னாடி வெறுசா விட்டா, மூக்கத் தூக்காம என்னப்பா செய்யும்?” என்றார். அடுத்த மூன்று வாரம் நான் செய்த அளவையும் கணக்கும் இரும்பு வேலையும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியவைதான். எங்களைப் போலவே சரிவில் சிறிய டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டிராக்டர் வாங்கும்போதே முன்பக்க வெயிட் பற்றி விற்பனையாளரிடம் கேட்டிருந்தேன். சின்ன வண்டிக்கு அதெல்லாம் தேவைப்படாது என்று சொல்லிவிட்டார். வண்டியோடு வந்த கையேட்டில், பின்னால் கருவி மாட்டும்போது முன் அச்சின் மேல் போதிய எடை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. முன்பக்கம் எடை பொருத்துவதற்கான நான்கு திருகுத் துளைகளின் படமும் இருந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை.

எடை எங்கே போகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பழனிக்குக் காவடி எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோளில் இருக்கும் காவடியின் பின்பக்கக் கலயத்தில் ஒரு படி கூடினால், முன்பக்கம் தானாக மேலே எழும். அதைச் சமன்செய்ய முன் கலயத்திலும் கூட்ட வேண்டும், அல்லது தோளில் காவடியை நகர்த்த வேண்டும். டிராக்டரில் தோள் என்பது பின் அச்சு. அதை நகர்த்த முடியாது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் ரோட்டவேட்டர் பின்கலயம். அச்சுக்கு முன்னால் இருக்கும் இன்ஜினும் முன்சக்கரங்களும் முன்கலயம். ரோட்டவேட்டரைத் தரையில் ஊன்றி ஓட்டும்போது அதன் எடையில் பெரும்பகுதியை மண் தாங்குகிறது. தூக்கிய நொடியில் முழு எடையும் அச்சின் மேல் வருவதோடு, அச்சுக்குப் பின்னால் இருக்கும் தூரத்தின் அளவுக்கு முன்சக்கரத்தின் எடையையும் பறித்துக்கொள்கிறது. ஆகவே ஆபத்து உழும்போது குறைவு. தூக்கிக்கொண்டு போகும்போதும் வளைக்கும்போதும் ஏறும்போதும்தான் அதிகம்.

இந்தக் காரணத்தால்தான் பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதும் என்ற பேச்சு எங்கள் சிக்கலுக்குப் பொருந்தாது. டயரின் முக்கால் பங்கு வரை தண்ணீர் ஏற்றுவது பின்சக்கரம் வழுக்காமல் இழுப்பதற்கு நல்ல வழி. சேற்று வயலில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்காருகிறது. தோளில் எடையைக் கூட்டினால் காவடியின் முன்கலயம் கீழே இறங்காது அல்லவா, அதுபோல.

எவ்வளவு எடை தேவை என்பதைக் கண்மதிப்பில் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. மலைமேல் டிராக்டரை ஏற்றி நிறுக்க எடைமேடை அருகில் இல்லை. பூண்டு வாங்கும் வியாபாரி ஒருவரிடம் 300 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தளத் தராசு இருந்தது. ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தார். சக்கரம் சக்கரமாக நிறுத்தோம். தராசின் தளம் தரையிலிருந்து 12 செ.மீ. உயரம்; ஆகவே மற்ற மூன்று சக்கரங்களின் கீழும் அதே உயரத்துக்குச் சவுக்குப் பலகைகளை அடுக்கினோம். ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்திருந்தால் வண்டி சாய்ந்து, எடை தவறாகக் காட்டும். அதைச் சோதிக்கப் பலகை இல்லாமலும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தோம். ஏழு கிலோ வித்தியாசம் வந்தது. தரை மட்டமாக இருப்பதை ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டோம். பிரேக் போடாமல், சக்கரங்களுக்கு மட்டும் கட்டை கொடுத்து நிறுத்தியதால், டயர் முறுக்கிக்கொண்டு நிற்கும் பிழையும் இல்லை.

டீசல் நிரப்பி, ஆள் இல்லாமல், கருவி இல்லாமல் முன் இடது 174 கிலோ, முன் வலது 171. பின் இடது 243, பின் வலது 242. ஆக மொத்தம் 830 கிலோ. அதில் முன் அச்சின் மேல் 345. இது 41 சதவீதத்துக்குச் சற்று மேல். நான்கு சக்கர இழுவை வண்டிக்கு நல்ல பங்கீடு. பிறகு 190 கிலோ ரோட்டவேட்டரை மாட்டி, முழுவதும் தூக்கி, நான் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். என் எடை 70. முன்சக்கரங்கள் இரண்டையும் மீண்டும் நிறுத்தபோது மொத்தம் 235 கிலோதான் இருந்தது. தூக்கிய ரோட்டவேட்டர் முன் அச்சிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் உருவிக்கொண்டுவிட்டது.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என் மகள் இதைத் தாளில் சரிபார்த்தாள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 1.55 மீட்டர். ரோட்டவேட்டரின் எடைமையம் பின் அச்சுக்குப் பின்னால் சுமார் 95 செ.மீ. 190ஐ 0.95ஆல் பெருக்கி 1.55ஆல் வகுத்தால் 116 வருகிறது. நான் பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்காருவதால் ஐந்து கிலோ திரும்பக் கிடைக்கிறது. 345இல் 116ஐக் கழித்து 5ஐக் கூட்டினால் 234. தராசு காட்டியது 235. தாளும் தராசும் ஒத்துப்போனதைப் பார்த்தபின்தான், தராசு வைக்க முடியாத சரிவுக்கும் இந்தக் கணக்கை நம்பலாம் என்ற துணிவு வந்தது.

சரிவை அளக்க ஒரு மீட்டர் நீள ரசமட்டமே போதும். ஒரு முனையைத் தடத்தில் ஊன்றி, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையை உயர்த்தி, அந்த முனைக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். மிகச் செங்குத்தான இடத்தில் 27 செ.மீ. வந்தது. அது 15 டிகிரி. நடந்து ஏறும் காலுக்கு அது பெரிய ஏற்றமாகத் தெரியாது. ஆனால் வண்டிக்கு அப்படியல்ல. ஏற்றத்தில் வண்டியின் எடைமையம் தன் உயரத்துக்கு ஏற்பப் பின்னோக்கிச் சாய்கிறது. டிராக்டரின் எடைமைய உயரத்தைத் தோராயமாக 55 செ.மீ. என்றும், என்னுடையதை ஒரு மீட்டர் என்றும், தூக்கிய ரோட்டவேட்டருடையதை 60 செ.மீ. என்றும் எடுத்துக்கொண்டபோது, சரிவு மட்டுமே முன் அச்சிலிருந்து இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட கிலோவைப் பின்னால் தள்ளியது. மிஞ்சியது சுமார் 120 கிலோ. மூட்டைகள் இரண்டும் ஏறக்குறைய 80 கிலோவை எடுத்துக்கொண்டன. மிச்சம் 40. வண்டி வெடுக்கென்று முன்னேறும்போது, நொடிக்கு நொடி வேகம் ஒரு மீட்டர் கூடினால் போதும், அந்த 40ம் போய்விடும். என் மகள் தாளின் அடியில் பூஜ்யம் எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள். “அப்பா, கல்லே இல்லேன்னாலும் தூக்கியிருக்கும்” என்றாள்.

பின்னால் கவிழும் டிராக்டர் தரும் அவகாசம் மிகக் குறைவு. தூக்கத் தொடங்கியதிலிருந்து முழுவதும் புரள ஒன்றரை விநாடி போதும் என்று பாதுகாப்புப் பாடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். டிராக்டர் பரவிய தொடக்க காலத்தில், கலப்பை எதிலாவது சிக்கினால் வண்டி பின்னோக்கிப் புரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய, கருவியை வண்டியோடு மூன்று இடங்களில் பிணைக்கும் மூன்று புள்ளி இணைப்பு, 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பரவலாக வந்தபோது, அந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தது. கலப்பை சிக்கும்போது மேல் இணைப்புத் தண்டு முன்னோக்கித் தள்ளி மூக்கைக் கீழே அமுக்குகிறது. நாம் இன்று ‘டாப் லிங்க்’ என்று சொல்லும் அந்தத் தண்டின் அருமை இதுதான். ஆனால் கருவியைத் தூக்கியபின் அந்த உதவி இல்லை. அப்போது எடைப் பங்கீடு ஒன்றே காவல்.

முன் அச்சின் மேல், டிராக்டரின் வெற்று எடையில் குறைந்தது 20 சதவீதமாவது எப்போதும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் வண்டிக்கு அது 166 கிலோ. மட்டமான தரையில் 235 இருந்ததால், சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இந்த வண்டியில் குறையே தெரியாது. விற்பனையாளர் சொன்னதும் அந்த நிலத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். எங்களுக்குத் தேவை 15 டிகிரி ஏற்றத்தில் நிற்கும் விதி. ஆகவே, கருவி, ஆள் உட்பட மொத்த எடையில் 20 சதவீதம் அந்த ஏற்றத்திலேயே முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்று இன்னும் கடுமையான எல்லையை நான் வைத்துக்கொண்டேன்.

முதலில் பொறுமை இல்லாமல் ஒரு வேலை செய்தேன். நாற்பது கிலோ மணல் மூட்டைகள் இரண்டை முன் பம்பரின் மேல் கயிற்றால் கட்டி ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் உடனே கனமாகி, வண்டி சொன்னபடி கேட்டது. அதுவரை நான் எவ்வளவு லேசான முன்பக்கத்தோடு ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் கையில் தெரிந்தது. ஆனால் அன்று மாலையே பம்பரின் இடது காதில், போல்ட் துளையிலிருந்து விளிம்பு வரை நகக்கீறல் போல ஒரு விரிசல் கண்ணில் பட்டது. பம்பர் தகரம் விளக்கையும் ரேடியேட்டரையும் காப்பதற்காகச் செய்தது. எடை சுமக்கச் செய்ததல்ல. ஓடும்போது கட்டு அறுந்து மூட்டை சக்கரத்தின் முன் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து, அன்றே அவிழ்த்துவிட்டேன்.

கான்கிரீட் கட்டி வார்க்கலாம் என்ற யோசனையும் இருந்தது. செலவு குறைவுதான். ஆனால் நூறு கிலோ கான்கிரீட்டுக்கு 42 லிட்டர் இடம் வேண்டும். அவ்வளவு பெரிய கட்டி ரேடியேட்டரின் வலையை மறைக்கும் அல்லது தரையைத் தொடும். அதைவிட முக்கியம், ஒரே கட்டியைத் தனியாளாகக் கழற்ற முடியாது. கழற்ற முடியாத எடை மலையில் இன்னொரு ஆபத்து. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே இரும்புத் தகடுகள். வத்தலக்குண்டில் பழைய இரும்புக் கடையொன்றில் 25 மி.மீ. கனமுள்ள தகடு கிடைத்தது. 350 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரமாக ஐந்து துண்டுகள் கேஸ் கட்டிங் செய்து வாங்கினேன். அந்த அளவில் ஒரு தகடு இருபதரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். மேல்பக்கம் கைபிடித் துளையும் கீழே இரண்டு போல்ட் துளைகளும் வெட்டியபின் 19.7 கிலோ ஆனது. இடுப்பைப் பிடிக்காமல் ஒருவர் தூக்கி மாட்டக்கூடிய எடை இதுதான் என்பது என் கணிப்பு. கைபிடித் துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்யாமல் விடாதீர்கள். கேஸ் கட்டிங்கின் விளிம்பு கத்தி போல இருக்கும்.

தாங்கியை அதே ஊரில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தோம். 10 மி.மீ. கனத் தகடு ஒன்று வண்டியின் முகத்தோடு ஒட்டும். அதிலிருந்து 75 மி.மீ. சேனல் இரும்பு இரண்டு முன்னோக்கி நீளும்; அவற்றின் நுனியில் தகடுகள் கோப்பதற்கான இரண்டு 20 மி.மீ. தண்டுகள். சேனலுக்கும் தகடுக்கும் இடையே முக்கோணத் தாங்கல் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே பட்டறைக்காரர் வெட்டி வைத்துவிட்டார். “அண்ணே, நின்ன எடத்துல நூறு கிலோ, குழியில விழுந்தா முந்நூறு கிலோ. அதுக்குத் தக்கனதான் வெல்டு அடிக்கணும்” என்றார். சாதாரணக் கம்பியை ஒதுக்கிவிட்டு, 7018 வெல்டிங் ராடை அடுப்பருகே காய வைத்து எடுத்து அடித்தார். தாங்கி தனியாக 18.5 கிலோ, ஐந்து தகடுகளோடு சேர்ந்து 117 கிலோ.

இந்த எடை எங்கே தொங்குகிறது என்பதில் மிகுந்த கவனம் தேவை. முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடும்; எடையை அச்சில் கட்டக் கூடாது, அச்சைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். எங்கள் தகடுகளின் எடைமையம் முன் அச்சுக்கு 42 செ.மீ. முன்னால் வருகிறது. அதனால் 117 கிலோ முன்சக்கரங்களில் 149 கிலோவாக வேலை செய்கிறது. மிகுதி 32 கிலோ பின் அச்சிலிருந்து வருவது. இன்னும் முன்னால் நீட்டினால் எடை குறைவாகவே போதும். ஆனால் நீளும் மூக்கு, சரிவுத் தடத்தின் அடியில் இறங்கும்போது மண்ணில் குத்தும், படியின் முனையில் வளைக்கும்போது சுவரில் இடிக்கும். தகட்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து 32 செ.மீ. இருக்கும்படியும், மேல்விளிம்பு ரேடியேட்டர் வலைக்குக் கீழே நிற்கும்படியும், பானெட்டைத் தடையின்றித் திறக்கும்படியும் வைத்தோம். நான்கு தகடு போதுமா என்றும் கணக்குப் பார்த்தோம். 15 டிகிரி ஏற்றத்தில் 19.4 சதவீதம் வந்தது. ஐந்துக்கு 21. ஆகவே ஐந்து.

பொருத்தும் நாளில்தான் பெரிய தவறு ஒன்று நடக்கவிருந்தது. சட்டத்தில் இருந்த நான்கு துளைகளுக்கும் 12 மி.மீ. போல்ட்டுகள் வாங்கி வந்திருந்தேன், 8.8 என்ற உறுதித் தரம் தலையில் பொறித்த நல்ல போல்ட்டுகள். முதல் போல்ட் கையால் இரண்டு சுற்று இறங்கி இறுகிக்கொண்டது. துரு என்று நினைத்து ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். எடுத்த கை ஏனோ நின்றது. போல்ட்டைத் திரும்பக் கழற்றி, அதன் மரைகளை வெளிச்சத்தில் பார்த்தேன். நுனியிலிருந்து இரண்டாவது மரையின் முகட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு தேய்மானம். துளையின் துருவைத் துடைத்துவிட்டு, வண்டியில் வேறோர் இடத்தில் இருந்த அசல் 12 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, இரண்டையும் மரையோடு மரை சேர்த்து வைத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. கடையில் வாங்கியது 1.75 மி.மீ. இடைவெளி கொண்ட சாதாரண மரை, வண்டியுடையது 1.25 மி.மீ. நுண்மரை. ஸ்பேனரால் இறுக்கியிருந்தால் போல்ட் உள்ளே போயிருக்கும். வார்ப்பிரும்பின் மரை பொடியாகியிருக்கும். இறுகியதாகத் தோன்றிய அந்தப் போல்ட்டை நம்பி நூறு கிலோவைச் சரிவில் கொண்டுபோயிருப்பேன். சரியான போல்ட்டுகள் வந்து சேர நான்கு நாளாயின. மரை எப்போதும் விரலால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது வேறு மரை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புதிய போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் 80 நியூட்டன் மீட்டருக்குக் குறுக்காக, இரண்டு சுற்றில் இறுக்கினேன். தகடுகளின் முன்னால் நைலான் வளையம் உள்ள நட்டுகள். பிறகு, ஒரு முன்சக்கரத்தின் கீழ் பெரிய கல்லை வைத்து அச்சை ஒரு பக்கம் முழுவதும் சாய்த்து, ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, டயர் எங்கும் தாங்கியை உரசவில்லை என்று பார்த்தேன். மறுபக்கமும் அப்படியே. இடப்பக்கம் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. டயரில் சேறு அப்பினால் உரசும் என்பதால் சேனலின் மூலையைச் சற்றுத் தேய்த்துக் குறைத்தேன். முன் டயரின் காற்றழுத்தத்தையும் புதிய எடைக்கு ஏற்பக் கையேட்டு அட்டவணைப்படி உயர்த்தினேன்.

மீண்டும் தராசு. ரோட்டவேட்டர் தூக்கியபடி, நான் இருக்கையில்: முன் இடது 192.5, முன் வலது 191. மொத்தம் 383.5 கிலோ. மொத்த எடையில் 32 சதவீதம்.

சோதனையை ஒரேயடியாக அந்தத் தடத்தில் செய்யவில்லை. முதலில் களத்தில் வட்டமிட்டேன். பிறகு பாதிச் சரிவுள்ள வண்டிப்பாதையில் ஏறினேன். அதன் பின்புதான், மூட்டை எதுவும் இல்லாமல், ரோட்டவேட்டரைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, கீழ் கியரில் அந்தத் தடத்தில் ஏறினேன். சித்தப்பா பக்கவாட்டில் எட்ட நின்று முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே கல்லின் மேல் வேண்டுமென்றே ஏற்றினேன். சக்கரம் ஏறியது, இறங்கியது, டயர் மண்ணில் அழுந்தியதை அவர் கையைத் தட்டிக் காட்டினார். நடுத்தடத்தில் நிறுத்திச் சுவர்ப் பக்கம் திருப்பினேன், திரும்பியது.

இப்போது, கழற்ற முடியாத எடை ஆபத்து என்று சொன்னதற்கு வருகிறேன். எங்கள் டிராக்டரில், பெரும்பாலான டிராக்டர்களைப் போலவே, பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் உண்டு. நடவு முடிந்து ரோட்டவேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, முன் எடையை மட்டும் அப்படியே விட்டு, மறுநாள் அதே தடத்தில் கீழே இறங்கினேன். இரவில் பனி பெய்து புல் நனைந்திருந்தது. பிரேக் மிதித்ததும் பின்சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. இரண்டடி தூரம் சறுக்கிய பின்தான், நான்கு சக்கர இழுவை நெம்புகோல் விடுபட்ட நிலையில் இருப்பதைக் கவனித்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். 15 டிகிரி இறக்கத்தில் எடை முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. முன் எடை பின் அச்சை மேலும் லேசாக்குகிறது. எடை கட்டாத வண்டியை அந்த இறக்கத்தில் பிடித்து நிறுத்தப் பின்சக்கரங்கள் தம்மேல் உள்ள பாரத்தில் பாதிக்குச் சற்று மேல் பிடிமானம் தர வேண்டும். எடை கட்டியபின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தர வேண்டும். ஈரப்புல் அவ்வளவு தராது. நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட்டால், பிரேக் விசை கியர் வழியாக முன்சக்கரங்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே இப்போது இறக்கத்துக்கு முன்பே அந்த நெம்புகோலைப் போடுகிறேன். கருவியைக் கழற்றினால் அன்றே தகடுகளையும் கழற்றுகிறேன். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

பக்கவாட்டில் கவிழ்வதை முன் எடை தடுக்காது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முன் அச்சு நடுமுளையில் ஆடுவதால், வண்டி உண்மையில் முக்கோணத்தின் மேல்தான் நிற்கிறது: பின்சக்கரங்கள் இரண்டும், முன்னால் அந்த முளையும். எடையை முன்னால் கூட்டக் கூட்ட, வண்டியின் எடைமையம் முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கி நகர்கிறது. அளவுக்கு மீறி எடை கட்டினால் பின்பக்கக் கவிழ்வைத் தடுத்துப் பக்கவாட்டுக் கவிழ்வை அழைத்துக்கொள்கிறோம். அதனால்தான் ஆறாவது தகடு சேர்க்கவில்லை. முன் அச்சு தாங்கும் எல்லை எங்கள் கையேட்டில் 700 கிலோ. நாங்கள் போடும் கணக்கில் அதிகபட்சம் இறக்கத்தில் 580 வருகிறது. உங்கள் வண்டியின் எல்லையை உங்கள் கையேட்டில் பார்த்துவிட்டே இரும்பு வாங்குங்கள். பேரி மரங்களின் கிளை தட்டுகிறது என்று மடக்கி வைத்திருந்த கவிழ்வுக் காப்புச் சட்டத்தையும் நிமிர்த்திவிட்டேன். தட்டிய கிளைகளைத்தான் வெட்டினேன். சட்டம் நிமிர்ந்திருந்தால் இருக்கை பெல்ட்டும் போட்டாக வேண்டும். பெல்ட் இல்லாதவரைச் சட்டமே நசுக்கக்கூடும். சட்டத்தை மடக்கி ஓட்டும்போது பெல்ட் போடக் கூடாது.

பத்து மணி நேரம் ஓட்டியபின் நான்கு போல்ட்டுகளையும் மீண்டும் டார்க் ரென்ச்சால் சோதித்தேன். மூன்று அசையவில்லை, வலது கீழ்ப் போல்ட் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தது. பெயின்ட் புதிதாக இருந்த இடத்தில் தாங்கி அழுந்தி உட்கார்ந்ததால் வந்த தளர்வு அது. பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பும் இரும்பும் தொடும்படி வைத்து இறுக்கியபின், ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தாங்கியின் மேல் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். காலையில் சாவி போடுவதற்கு முன் அந்த நான்கு கோடுகளையும் பார்க்கிறேன். மார்கழி உறைபனியும் தை மாதக் கேரட் அறுவடையும் கடந்து, இன்று காலை வரை நான்கும் நேராகவே இருக்கின்றன.